மெக்மார்ட்டின் வழக்கு: குழந்தைகள் சொன்னார்களா, சொல்ல வைக்கப்பட்டார்களா?

சாமக்கோடங்கி:
போன வாரம் பிள்ளைபிடிக்கிறவர்கள் வதந்தி பற்றிய இழையில் மல்லிகா மேடம் போகிறபோக்கில் ஒரு வரி போட்டுவிட்டுப் போனார்: "எண்பதுகளில் அமெரிக்கக் குழந்தைகள் சொன்னதையெல்லாம் வெறும் பீதி என்று ஒதுக்குவது சௌகரியமான பொய்." அங்கே இழுத்தால் பேச்சு திசைமாறும் என்பதால் தனி இழை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. கலிபோர்னியாவில் மன்ஹாட்டன் பீச் என்ற சின்னக் கடலோர ஊர். அங்கே மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி. 1983 ஆகஸ்டில் ஒரு தாய், தன் இரண்டரை வயது மகனிடம் அங்கு வேலை பார்த்த ரே பக்கி தவறாக நடந்துகொண்டதாகப் புகார் கொடுத்தார். ரே, பள்ளியை நிறுவிய அம்மையாரின் பேரன். புகார் வளர்ந்தது. ஒரு குழந்தைநல நிறுவனம் சுமார் 400 குழந்தைகளை விசாரித்து, அதில் 360 பேர் பாதிக்கப்பட்டவர்கள் என்றது. பள்ளிக்கு அடியில் சுரங்கம், சாத்தானுக்குச் சடங்கு, கொல்லப்பட்ட முயல், வானத்தில் பறந்த ஆசிரியர் என்று வாக்குமூலங்கள் போயின. ஏழு பேர் மீது வழக்கு. 1986ல் ஐந்து பேரை ஆதாரம் போதாது என்று அரசுத் தரப்பே விட்டுவிட்டது. 1990ல் ரேயின் தாய் விடுதலை. ரேக்கு இரண்டு விசாரணை நடந்தும் ஒரு குற்றச்சாட்டுகூட நிற்கவில்லை. அதற்குள் அவர் ஐந்து வருடம் சிறையில் இருந்தாகிவிட்டது. செலவு சுமார் ஒன்றரைக் கோடி டாலர்.

ஒரு தண்டனைகூட இல்லை. இதற்கு மேல் என்ன விவாதம்?

மல்லிகா_மதுரை:
கோடங்கி சார், உங்கள் சுருக்கத்தில் ஒரு வரியை விட்டுவிட்டீர்கள். 1990 ஜனவரியில் தீர்ப்பு சொன்ன பிறகு ஜூரிகள் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார்கள். வந்திருந்த 11 பேரில் 9 பேர், "குழந்தைகளுக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று நம்புகிறோம், யார் செய்தது என்று சாட்சியத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை" என்ற பொருளில் பேசினார்கள். விடுதலை செய்த அதே ஆட்கள்!

பிரவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராஸ் செய்ட் வருடக்கணக்கில் நீதிமன்றக் கோப்புகளைத் தோண்டி 2014ல் ஒரு பெரிய நூல் எழுதினார். அவர் சாத்தான் கதையை நம்பச் சொல்லவில்லை. மெக்மார்ட்டினில் மற்ற ஆசிரியர்கள் மேல் வழக்குப் போட்டதே தவறு என்கிறார். ஆனால் ஆரம்பத்தில் ரே மேல் வந்த சந்தேகத்துக்கு மருத்துவக் காரணமும் குழந்தைகளின் பேச்சும் இருந்தன, பின்னால் சேர்ந்த குப்பை அதை மூடிவிட்டது என்பது அவர் வாதம். "சூனியக்காரி வேட்டை" என்று ஒரு பெயர் கிடைத்ததும் பத்திரிகைகள் எல்லா வழக்கையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டன என்கிறார். சாக்கை அவிழ்த்துப் பார்க்க வேண்டாமா?

ரெண்டணா:
சாக்கை அவிழ்த்தால் முயல் ஓடிவிடும்.

ஆமாம், அந்தச் சுரங்கம் கிடைத்ததா இல்லையா?

சாமக்கோடங்கி:
1985ல் அரசுத் தரப்பு தோண்டியது, ஒன்றுமில்லை. 1990ல் பெற்றோர்கள் ஒரு தொல்லியலாளரை வைத்துத் தோண்டினார்கள். அவர் மண் நிரப்பிய சுரங்கத்தின் தடம் இருக்கிறது என்றார். பிறகு பார்த்த விமர்சகர்கள், அது பள்ளி கட்டுவதற்கு முந்திய குப்பைக்குழி என்றார்கள். கீழடி மாதிரி சண்டைதான். பானை ஓடு மட்டும் இல்லை.

கிழக்குச்சீமை:
நான் கல்லூரியில் உளவியல் எடுக்கிறவன். சுரங்கத்தை விடுங்கள். என் வகுப்பில் நான் காட்டுவது ஒரு கடிதம்.

1983 செப்டம்பர் 8ஆம் தேதி அந்த ஊர்க் காவல்துறை சுமார் 200 பெற்றோருக்கு ஒரு கடிதம் அனுப்பியது. சந்தேக நபரின் பெயர் அதிலேயே இருக்கிறது. என்னென்ன தவறு நடந்திருக்கலாம் என்று பட்டியல் இருக்கிறது. மதியத் தூக்க நேரத்தில் அவர் ஒரு குழந்தையோடு தனியாக வெளியே போனதைப் பார்த்தாயா, யாரையாவது கட்டிப்போட்டதைப் பார்த்தாயா என்று உங்கள் பிள்ளையிடம் விசாரியுங்கள் என்கிறது. கூடவே, விசாரணையை ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வேண்டுகோள். சின்ன ஊர், 200 வீடு, ரகசியம்.

நாலு வயதுப் பிள்ளையைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, அழுது சிவந்த கண்ணோடு அம்மா கேட்கிறாள். முதல் தடவை "இல்லை." மறுநாள் அப்பா கேட்கிறார். அடுத்த வாரம் பக்கத்து வீட்டு அம்மா. அப்புறம் அந்த நிறுவனத்துக்குக் கூட்டிப்போனால் அங்கே கைப்பொம்மைகள். குழந்தை இல்லை என்றால், உன் சிநேகிதர்கள் எல்லாரும் சொல்லிவிட்டார்களே என்பார்கள். நீ புத்திசாலியா, முட்டாளா என்றுகூட ஒரு ஒளிப்பதிவில் கேட்டிருக்கிறார்கள்.

1998ல் கார்வன், வுட் முதலானோர் அதே உத்திகளைச் சோதித்துப் பார்த்தார்கள். மூன்றிலிருந்து ஆறு வயதுவரை 66 குழந்தைகள். ஒரு இளைஞர் பள்ளிக்கு வந்து கதை வாசித்து, ஸ்டிக்கர் கொடுத்துவிட்டுப் போகிறார். ஒரு வாரம் கழித்து, அவர் செய்யாத காரியங்களைச் செய்தாரா என்று விசாரிக்கிறார்கள். வெறுமனே "செய்தாரா?" என்று கேட்டபோது சுமார் 17 சதவீதம் பொய்யான "ஆமாம்". மெக்மார்ட்டின் பாணியில், மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள் என்று சொல்லி, பாராட்டி, முகம் சுளித்துக் கேட்டபோது 58 சதவீதம். ஐந்து நிமிடத்துக்குள்! நிஜ வழக்கில் இது மாதக்கணக்கில் நடந்தது.

ரெண்டணா:
ஸ்டிக்கரும் கொடுத்து, கெட்ட பெயரும் வாங்கியிருக்கிறார் பாவம். என் பையனிடம் ஹோம்வொர்க் முடித்தாயா என்று கேட்டால் நூறு சதவீதம் "ஆமாம்".

கிழக்குச்சீமை:
சிரிக்க வேண்டியதுதான். 2000ல் அதே குழு இன்னொன்று செய்தது. ஹெலிகாப்டரில் பறந்தாயா என்கிற ரகக் கேள்விகள். பதிலுக்கு ஏற்பப் பாராட்டியும் கண்டித்தும் கேட்டபோது 52 சதவீதம் ஆமாம் என்றார்கள். சாதாரணமாகக் கேட்டபோது 5 சதவீதம். மல்லிகா மேடம், பறந்த ஆசிரியர் எங்கிருந்து வந்தார் என்று இதில் தெரியவில்லையா?

மல்லிகா_மதுரை:
தெரிகிறது. ஆனால் உங்கள் பாடத்தில் பாதிதான் இருக்கிறது, சார்.

1991ல் சேவிட்ஸ், குட்மன் குழு செய்த ஆய்வையும் வகுப்பில் காட்டுகிறீர்களா? ஐந்து, ஏழு வயதுச் சிறுமிகள் 72 பேர். எல்லாருக்கும் வழக்கமான மருத்துவப் பரிசோதனை. பாதிப்பேருக்கு அந்தரங்க உறுப்பையும் டாக்டர் பரிசோதித்தார். பிறகு, என்ன நடந்தது சொல்லம்மா என்று திறந்தபடி கேட்டால் அந்த 36 பேரில் பெரும்பாலோர் அதைச் சொல்லவே இல்லை. பொம்மையைக் காட்டி, இங்கே தொட்டாரா என்று நேராகக் கேட்ட பிறகு 31 பேர் சொன்னார்கள். தொடப்படாத மறு பாதியில் பொய்யாகச் சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதாவது வெட்கப்பட வேண்டிய விஷயத்தைக் குழந்தை தானாகக் கொட்டாது.

நான் போக்சோ வழக்குகளில் குழந்தைக்குத் துணை நபராகப் போகிறவள். விவரம் சொல்ல மாட்டேன். ஒரு குழந்தை மூன்று சந்திப்பிலும் வாயே திறக்கவில்லை. தண்ணீர் பாட்டிலின் லேபிளை நகத்தால் சுரண்டிச் சுரண்டி, கிழித்ததைச் சின்ன உருண்டையாக உருட்டி வரிசையாக வைத்துக்கொண்டே இருந்தது. நாலாவது தடவை, பஸ் ஸ்டாப்பில், யாரும் எதுவும் கேட்காதபோது சொன்னது. "குழந்தை முதலில் இல்லை என்றதே" என்று நீங்கள் எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த உருண்டைகள்தான் ஞாபகம் வருகின்றன.

கிழக்குச்சீமை:
அந்த ஆய்வைக் காட்டுவதில்லை. ஒப்புக்கொள்கிறேன். இனிமேல் காட்டுகிறேன்.

ஆனால் அங்கே நேரடிக் கேள்வியை ஒரே தடவை, மிரட்டாமல் கேட்டார்கள். மெக்மார்ட்டினில் நடந்தது அது இல்லை.

சாமக்கோடங்கி:
பேச்சு "சடங்கு" என்ற சொல்லை விட்டு நழுவுகிறது. அந்தச் சொல்தான் இவ்வளவு தீயை மூட்டியது.

மானிடவியலாளர் ஜீன் லா ஃபான்டெய்னை பிரிட்டிஷ் அரசு ஆய்வுசெய்யச் சொன்னது. இங்கிலாந்து, வேல்ஸில் இப்படிக் குற்றச்சாட்டு எழுந்த 84 வழக்குகளைப் பார்த்து 1994ல் அறிக்கை கொடுத்தார். சாத்தான் வழிபாட்டுக்கு ஆதாரம் பூஜ்யம். அமெரிக்காவில் எஃப்.பி.ஐ.யின் கென்னத் லானிங், முதலில் நம்பிக்கையோடு இறங்கியவர், வருடக்கணக்காகத் தேடி 1992ல் அதே முடிவுக்கு வந்தார்.

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில், இதே மாதிரிக் குற்றச்சாட்டில், 1991 பிப்ரவரியில் விடியற்காலையில் கதவைத் தட்டி ஒன்பது குழந்தைகளைச் சமூகப் பணியாளர்கள் தூக்கிப்போனார்கள். ஏப்ரலில் ஷெரிப் (அங்கே அது நீதிபதியின் பெயர்) வழக்கைத் தள்ளி, குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பினார். அந்த ஐந்து வாரம் அந்தக் குழந்தைகளுக்கு நடந்தது என்ன? அதுவும் ஒரு கொடுமைதானே?

மல்லிகா_மதுரை:
கொடுமைதான். ஆர்க்னிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

லா ஃபான்டெய்ன் அறிக்கையை நீங்களும் பாதியில் நிறுத்துகிறீர்கள். அந்த 84ல் மூன்று வழக்குகளில் சடங்கு இருந்தது, பாலியல் கொடுமையும் நிரூபணமானது. சாத்தான் இல்லை. தனக்கு மாய சக்தி இருப்பதாகச் சொல்லி, அந்தப் பயத்தில் குழந்தைகளை மடக்கிய ஆட்கள். குற்றவாளியின் நோக்கம் பாலியல் கொடுமை, சடங்கு அதற்கு ஒரு திரை என்கிறார் அவர். மூன்று சின்ன எண்தான். ஆனால் மூன்று வேறு, பூஜ்யம் வேறு. சாமியார் என்று சொல்லிக்கொண்டு மந்திரித்துவிடுகிறேன் என்று குழந்தையைத் தனியே கூட்டிப்போகிற ஆளைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சாமக்கோடங்கி:
மூன்று என்பதை ஒத்துக்கொள்கிறேன். "சாத்தான் பூஜ்யம்" என்றுதான் சொன்னேன், அதில் மாற்றமில்லை.

உங்கள் செய்ட்டுக்கும் பதில் வந்திருக்கிறது. 2017ல் வுட், டெபி நேதன் முதலானோர் அவர் நூலின் தகவல்களை வரி வரியாகச் சோதித்து, பிழை, விடுபடல் என்று நீளமாகக் குறை சொன்னார்கள். அதில் நேதன் யார் என்றால், எண்பதுகளிலேயே இந்த வழக்குகளைச் சந்தேகித்து எழுதிய பத்திரிகையாளர். செய்ட் யாரை விமர்சித்தாரோ அவர்களில் ஒருவர். ஆக, இரண்டு பக்கமும் கட்சிக்காரர்கள்தான்.

2005ல் அந்தப் பள்ளியில் படித்த ஒருவர், வளர்ந்த பிறகு, நான் சொன்னதெல்லாம் பொய், பெரியவர்கள் எதிர்பார்த்ததைச் சொன்னேன் என்று லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் சொன்னார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மல்லிகா_மதுரை:
அவரை நம்புகிறேன். நடந்தது நிஜம் என்று இன்றும் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நீங்கள் நம்பவில்லை. உங்கள் அளவுகோல் என்ன?

பழைய_பெஞ்ச்கிளார்க்:
ரொம்ப நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அமெரிக்கா எனக்குத் தெரியாது. கோர்ட் தெரியும். முப்பது வருடம் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த வழக்கில் இரண்டு கட்சியும் இன்றுவரை சண்டை போட முடிகிறதே, ஏன்? அந்த நிறுவனம் விசாரணையை வீடியோவில் பிடித்துவைத்தது. கேள்வி இருக்கிறது. அதனால்தான் கிழக்குச்சீமை தம்பி, முட்டாளா என்று கேட்டார்கள் என்று இன்று சொல்ல முடிகிறது. ஜூரியும் அந்த டேப்பைப் பார்த்துத்தான் சந்தேகப்பட்டது.

இப்போது நம் வழக்கத்தைப் பாருங்கள். சாட்சியத்தைக் கதைநடையில் எழுதுவதுதான் நடைமுறை. வக்கீல் கேட்கிறார்: "அந்த மாமா உன்னைத் தொட்டாரா பாப்பா?" குழந்தை தலையை ஆட்டுகிறது. தாளில் என்ன ஏறும்? "அந்த மாமா என்னைத் தொட்டார்." எத்தனையோ தடவை என் கையாலேயே தட்டச்சு செய்திருக்கிறேன். எதிரி வக்கீல் கேட்பதும் அப்படியே. "உங்க அம்மா சொல்லிக்கொடுத்தாங்களா?" தலையாட்டல். "என் தாயார் சொல்லிக்கொடுத்தபடி சாட்சியம் அளிக்கிறேன்." அந்தக் குழந்தைக்குத் தாயார் என்ற சொல்லே தெரியாது.

மேல்முறையீட்டில் படிக்கிறவர் பார்ப்பது முழு வாக்கியம். கேள்வி காணாமல் போய்விட்டது. தலையாட்டலும் காணாமல் போய்விட்டது.

கிழக்குச்சீமை:
ஐயா, இந்த இழையில் உருப்படியான பதிவு இதுதான்.

நியூஜெர்சியில் கெல்லி மைக்கேல்ஸ் என்ற ஆசிரியை. 1988ல் 115 குற்றச்சாட்டுகளில் தண்டனை, 47 வருடம். ஐந்து வருடம் சிறையில் இருந்த பிறகு தீர்ப்பு ரத்தானது. அங்கே குழந்தைகளிடம் முதலில் நடந்த விசாரணைகளைப் பதிவு செய்யவில்லை. 1994ல் மாநில உச்ச நீதிமன்றம், கேட்ட விதத்தால் சாட்சியம் கெட்டுப்போயிருக்கிறதா என்று விசாரணைக்கு முன்பே தனியாகப் பார்க்க வேண்டும் என்றது.

மல்லிகா_மதுரை:
ஐயா சொல்வது உண்மை. போக்சோ 26ஆம் பிரிவு, முடிந்தவரை குழந்தையின் வாக்குமூலத்தை ஒலி, ஒளிப்பதிவும் செய்யச் சொல்கிறது. அந்த "முடிந்தவரை" என்ற சொல்லுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். 33ஆம் பிரிவுப்படி வக்கீல் குழந்தையிடம் நேராகக் கேட்கக்கூடாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் நீதிபதி எப்படி மாற்றிக் கேட்டார் என்பதும் தாளில் வராது.

சரி, கோடங்கி சார் கேட்டதற்கு என் பதில். மெக்மார்ட்டினை விட்டுத்தருகிறேன். அந்தக் கடிதம் போன நாளிலிருந்து யாராலும் அங்கே உண்மையைப் பிரித்தெடுக்க முடியாது, ரே குற்றவாளி என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் மியாமியில் வீட்டில் குழந்தைகள் காப்பகம் நடத்திய ஃபிராங்க் ஃபஸ்டர் வழக்கை விட்டுத்தர மாட்டேன். 1985ல் ஆறு ஆயுள் தண்டனை. அங்கே ஒரு குழந்தைக்குப் பால்வினை நோய்க் கிருமி இருந்ததாக ஆய்வகப் பரிசோதனை முடிவு இருந்தது. அதையும் இதே சாக்கில்தான் போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

சாமக்கோடங்கி:
அந்த ஆய்வக முடிவின் நம்பகத்தன்மை பற்றியே தனிச் சண்டை இருக்கிறது மேடம். அந்த ஆளின் மனைவி சாட்சி சொல்லிவிட்டு, பிறகு மறுத்து, அதையும் மறுத்து என்று பல்டி அடித்திருக்கிறார். டெக்சாஸ் ஆஸ்டினில் குழந்தைகள் காப்பகம் நடத்திய கெல்லர் தம்பதி கதையும் மருத்துவச் சாட்சியத்தில் நின்றதுதான். 1992ல் 48 வருடத் தண்டனை. அது காயம் இல்லை, இயல்பான உடல் அமைப்பு, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அந்த டாக்டரே பின்னால் ஒப்புக்கொண்டார். 21 வருடம் கழித்து, 2013ல், வெளியே வந்தார்கள்.

மல்லிகா_மதுரை:
கண்ணால் பார்த்துச் சொன்ன டாக்டரும், ஆய்வகத்தில் கிருமி வளர்த்துப் பார்த்த முடிவும் ஒன்றா? நாளைக்கு ஃபஸ்டருக்குத் தனி இழை திறக்கிறேன். வாருங்கள்.

பழைய_பெஞ்ச்கிளார்க்:
திறக்கும்போது கேள்வியையும் சேர்த்துப் போடம்மா. பதிலை மட்டும் போட்டால் நான் படிக்க மாட்டேன்.