பொருள்: ‘டிரை ஃபயர்’ – வில்வித்தைத் திடல் பலகைக்குத் தமிழ்ச்சொல், வெள்ளிக்கிழமைக்குள்

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். பள்ளித் திடல் ஒன்றின் பாதுகாப்புப் பலகை வெள்ளிக்கிழமை எழுதப்படுகிறது. விசில் பகுதி தயார்: இரண்டு அடித்தால் எய்கோட்டுக்கு வர வேண்டும், ஒன்று அடித்தால் எய்யலாம், மூன்று அடித்தால் போய் அம்பெடுக்கலாம், ஐந்தோ மேலோ அடித்தால் அப்படியே நிறுத்த வேண்டும். காத்திருப்புக் கோடு எய்கோட்டிலிருந்து 5 மீட்டர் பின்னால். நின்றுபோனது ‘டிரை ஃபயர்’ ஒன்றில்தான். வந்த வரைவில் ‘உலர் தீ’ என்று இருக்கிறது. படிக்கிற பிள்ளை தீ விபத்து என்றே நினைக்கும். அம்பு கோக்காமல் நாணை இழுத்து விட்டுவிடுவதற்கு ஒரு சொல் தாருங்கள்.

தமிழாசிரியர்:
புதிதாகப் படைக்க வேண்டியதே இல்லை. ‘நாணெறிதல்’ இருக்கிறது. கம்பராமாயணப் போர்க்களங்களில் வீரர்கள் நாணைத் தெறித்து ஒலியெழுப்புவதற்கு வழங்கும் சொல் இதுதான். செயலும் அதே செயல். பழஞ்சொல் கையில் இருக்கும்போது ஒட்டுச்சொல் எதற்கு?

பயிற்றுநர்:
அம்மா, செயல் ஒன்றுதான், அதனால்தான் அஞ்சுகிறேன். காப்பியத்தில் நாணெறிவது வீரம். திடலில் அது வில்லை உடைக்கும். இழுத்த வில்லின் இரு லிம்ப்களிலும், அதாவது பிடிக்கு மேலும் கீழும் வளையும் கைகளிலும், தேங்கிய ஆற்றலில் பெரும்பகுதியை அம்புதான் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அம்பு இல்லையென்றால் அது லிம்புக்கும் நாணுக்குமே திரும்புகிறது. நுனிகள் முன்னோக்கி வளைந்த ரிகர்வ் வில்லில் லிம்ப் நுனி பிளக்கும், நாண் அறும். சக்கரம் வைத்த காம்பவுண்டு வில்லில் கேம் எனும் அந்தச் சக்கரம் கோணும், கேபிள் தடம் விட்டுத் தாவும், சில்லுகள் முகத்துக்கு வரும். வில்லை வாங்கிப் பார்க்கும் யாரும் முதலில் செய்வது இதைத்தான்: இழுத்துப் பார்த்து ‘டங்’ என்று விடுவது. பலகைச் சொல்லில் தடை தெரிய வேண்டும், புகழ் தெரியக் கூடாது.

மொழிபெயர்ப்பாளர்:
‘நாண்’ என்றால் வெட்கமும்தானே? ‘நாணெறிதல்’ வெட்கத்தை விட்டொழிப்பது போலவும் படுகிறது.

தமிழாசிரியர்:
அப்படிப் பார்த்தால் ‘நாணேற்றுதல்’ என்றும் எழுத முடியாது. இடம் நோக்கிப் பொருள் கொள்வது தமிழ் படித்தவர்க்குப் பழக்கம். வரைவில் முன்கைக் காப்புக்குக்கூட ‘ஆர்ம் கார்டு’ என்று போட்டிருக்கிறீர்கள். ‘கோதை’ என்பதற்கு முன்கைத் தோற்கட்டி என்றே பொருள் உண்டு. அம்பின் அடியில் நாணைக் கவ்வும் பிளவுக்கு ‘நாக்’ எதற்கு, ‘குதை’ இருக்கிறதே?

ஓய்வுபெற்ற அகராதிப் பணியாளர்:
குதை வில்லின் நுனிக்கும் உண்டு, அம்பின் அடிக்கும் உண்டு. ‘குதையில் விரிசல் பார்’ என்றால் பிள்ளை எதைப் பார்க்கும்? கோதை என்றால் இன்றைக்குப் பூமாலை, அல்லது ஆண்டாள். ‘கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல்’ என்ற குறளில் பிழைத்தது என்றால் தவறியது. இன்றைக்குப் ‘பிழைத்த அம்பு’ என்று எழுதினால் உடையாமல் தப்பித்த அம்பு என்று கொள்வார்கள். சொல் நகர்ந்துவிட்டது. என் பரிந்துரை: ‘வெறுநாண் விடுதல்’. வெறுங்கை, வெறுங்கால் போல.

இயற்பியல் ஆசிரியர்:
‘வெறுநாண்’ போதாது. அம்பு கோத்திருந்தாலும் இது நடக்கும். நாக் விரிந்திருந்தால் விடும் கணத்தில் அம்பு நாணைவிட்டு நழுவிவிடும். சோதனை எளிது: அம்பைக் கோத்து வில்லைத் தரைக்கு இணையாகத் திருப்பி, அம்பு கீழ்நோக்கித் தொங்குமாறு பிடியுங்கள். தானாக நிற்க வேண்டும், நாணை விரலால் லேசாகத் தட்டினால் விழ வேண்டும். தட்டாமலே விழுந்தால் அந்த ‘நாக்’ பகுதியை மாற்றுங்கள். எடை குறைந்த அம்பும் ஏறக்குறைய இதே சேதம் செய்யும். காம்பவுண்டில் ஒரு பவுண்டு இழுவிசைக்கு அம்பின் எடை 5 கிரெய்னுக்குக் குறையக் கூடாது என்பது பரவலான வரம்பு. 40 பவுண்டு வில்லுக்கு அம்பு 200 கிரெய்ன், அதாவது சுமார் 13 கிராம். எனவே ‘சுமையிலா விடுகை’ என்கிறேன்.

பயிற்றுநர்:
ஐயா, கருத்து சரி, ஆனால் ‘சுமையிலா விடுகை’யைப் பத்து வயதுப் பிள்ளையிடம் எப்படிக் கத்துவது? நாக், எடை இரண்டையும் கருவிச் சோதனைப் பட்டியலில் வைப்போம். இதைவிடப் பெரிய சிக்கல் அடுத்த வரி. நிறுத்தச் சொன்னதும் இழுத்த நாணை விடாமல் முன்னால் கொண்டுவர வேண்டுமே, அதற்கு என்ன சொல்?

தமிழாசிரியர்:
நாணிறக்குதல்.

அகராதிப் பணியாளர்:
அது வில்லிலிருந்து நாணையே கழற்றுவது. நாணேற்றுவதற்கு எதிர். ‘நாண் மீட்டல்’ என்றும் தோன்றியது, ஆனால் வீணை மீட்டுவது போல் தெறிக்கவிடுவது என்றாகிவிடும்.

பயிற்றுநர்:
‘மெல்ல விடு’ அறவே வேண்டாம். காற்றில் ‘விடு’ மட்டும் காதில் விழும். ‘விடாதே’யும் கூடாது, கடைசி அசை கேட்காமல் போனால் எதிர்ப்பொருள். ‘நில்’ என்றால் இழுத்தபடியே நிற்பார்கள், தோள் நடுங்கி நாண் நழுவும். பலகையில் சொல் வேண்டாம், வாக்கியம் போடுங்கள்: ‘அம்பு முனை இலக்கைப் பார்த்தபடி, நாணைப் பிடித்தபடியே கையை முன்னால் கொண்டுவா.’ வாயால் சொல்ல ‘நிறுத்து’ ஒன்றே போதும், கூடவே ஐந்து விசில்.

மொழிபெயர்ப்பாளர்:
தவறி வெறுநாண் விட்டுவிட்டால்?

பயிற்றுநர்:
‘சரியாக இருக்கிறதா பார்ப்போம்’ என்று மறுபடி இழுக்கக் கூடாது. நாணின் சுற்றுநூல், லிம்ப் நுனிகள் பாருங்கள். பஞ்சை லிம்ப் ஓரங்களில் மெல்ல ஓட்டினால் விரிசலில் இழை மாட்டும், வெறும் விரலால் தடவினால் சிலும்பு ஏறும். காம்பவுண்டை ‘பவ் பிரெஸ்’ (லிம்ப்களை அழுத்தி நாணைத் தளர்த்தும் கருவி) உள்ளவரிடம் கொண்டுபோக வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
நன்றி. ‘வெறுநாண் விடுதல்’ என்பதற்கு நால்வர் ஆதரவு, தனிமடலில் வந்த இரண்டையும் சேர்த்து. பலகைக்கு அனுப்புகிறேன்: ‘அம்பு கோக்காமல் நாணை இழுக்காதே. வெறுநாண் விட்டால் வில் உடையும்.’

இயற்பியல் ஆசிரியர்:
என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். லேசான அம்பை இந்தச் சொல் விட்டுவிடுகிறது.

தமிழாசிரியர்:
என்னுடையதையும். ‘கோதை’யை அடுத்த இழையில் தொடர்கிறேன்.