‘ஒலிப்பு நெடுங்கணக்கு’ வேண்டாம், ‘எழுத்தேந்தி’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஏ, பி, சி என்ற எழுத்துகளுக்குப் பதில் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று போகிற வானொலிச் சொல்வரிசைக்குத் தமிழ்ப் பெயர் தேடும் பேச்சில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: ஒலிப்பு நெடுங்கணக்கு, குறிச்சொல், முதலெழுத்துச் சொல். மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு.

முதலாவது, ‘ஃபொனெடிக் ஆல்ஃபபெட்’ என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழாக்கியது. அந்த ஆங்கிலப் பெயரே பொருத்தமில்லாதது. மொழியியலார் அந்தப் பெயரைப் பேச்சொலிகளை எழுதிக்காட்டும் குறியீடுகளுக்கு வைத்திருக்கிறார்கள். இங்கே எந்த ஒலியும் எழுதப்படவில்லை, ஓர் எழுத்துக்குப் பதில் ஒரு முழுச்சொல் சொல்லப்படுகிறது, அவ்வளவுதான். குறிச்சொல்லோ வலைப்பதிவுகளில் ஏற்கெனவே ‘டேக்’ என்ற வேறு வேலை பார்க்கிறது. இரண்டையும் விட்டுவிடலாம்.

முதலெழுத்துச் சொல் என்பதற்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் இந்தச் சொற்கள் எதற்காகப் பிறந்தன என்று பார்ப்போம்.

நான் சிற்றலை வானொலியில் பேசத் தொடங்கிய புதிதில், என் நிலையத்தின் அடையாளமான அழைப்புக்குறியில் உள்ள ‘டி’யை எதிர்முனை ‘பி’ என்றே திருப்பிச் சொன்னது. நான்கு முறை சொன்னேன். குரலை உயர்த்தினேன். அப்போதும் ‘பி’தான். ‘டெல்டா’ என்றேன், ஒரே தடவையில் முடிந்தது. வானொலிப் பேச்சு குறுகிய அலைவரிசைக்குள் அடங்க வேண்டியிருப்பதால் மெய்யொலிகளின் கூர்மை போய்விடுகிறது, இரைச்சல் மிச்சத்தையும் தின்றுவிடுகிறது. பி, டி, ஜி, வி எல்லாவற்றிலும் கடைசியில் தங்குவது ஒரே ‘ஈ’தான்.

முதல் உலகப்போரிலேயே பிரித்தானியச் சைகைப் படையினர் ‘ஏ’க்கு ‘ஆக்’, ‘பி’க்கு (P) ‘பிப்’, ‘எம்’முக்கு ‘எம்மா’ என்று சொல்லிவந்தார்கள். விமான எதிர்ப்புப் பீரங்கி ‘ஆக்-ஆக்’ ஆனதும், பிற்பகல் ‘பிப் எம்மா’ ஆனதும் அப்படித்தான். இன்று உலகம் முழுதும் வழங்கும் வரிசைக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்புக்காக மொன்றியல் பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் ஜான்-பால் வினே இதில் உழைத்தார். 1951இல் வந்த பட்டியலில் ‘நெக்டர்’ இருந்தது, ‘எக்ஸ்ட்ரா’ இருந்தது. பயன்பாட்டில் ‘நெக்டர்’ ‘விக்டர்’ என்று கேட்டது, ‘எக்ஸ்ட்ரா’வும் ‘டெல்டா’வும் குழம்பின. 31 நாட்டவரைப் பேசவும் கேட்கவும் வைத்துச் சோதித்த பிறகு சி, எம், என், யு, எக்ஸ் ஆகிய ஐந்துக்கும் சொல் மாற்றி, 1956 மார்ச் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ‘ஜூலியட்’ என்பதன் கடைசியில் இரண்டு ‘டி’ (t) போட்டது கூட, பிரெஞ்சு பேசுவோர் அதை ஒலிக்காமல் விட்டுவிடக் கூடாதே என்றுதான். ஒரு சொல் தனியாகக் கேட்க நன்றாக இருந்தால் போதாது, மற்ற 25 சொற்களோடும் குழம்பாமல் நிற்க வேண்டும்.

அப்புறம் நம் எழுத்துகளுக்கு வருவோம். நமக்கு இடறுவது ர-ற, ல-ள-ழ, ந-ன-ண. அகரம், ஈகாரம், ஐகான் என்று எழுத்துக்குச் சாரியை கூட்டிச் சொல்லும் வழக்கம் நம் இலக்கணத்தில் பழையது. தனியே ஒலிக்க முடியாத எழுத்துக்கு அது உடல் தருகிறது. ஆனால் எல்லா மெய்க்கும் ஒரே வால் என்பதால் ரகரமும் றகரமும் தொலைபேசியில் இன்னும் இரட்டைப் பிள்ளைகள்தான். அதனால்தான் பேச்சில் ‘வல்லின ற’, ‘மூன்று சுழி ண’, ‘பழத்துல வர்ற ழ’ என்கிறோம்.

அந்தப் ‘பழத்துல வர்ற ழ’வைக் கொஞ்சம் கவனியுங்கள். ழ, ள, ற, ன, ண ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராதவை. நமக்கு அதிகம் தேவைப்படுகிற எழுத்துகளே அவைதான். நாளைக்கு யாராவது தமிழுக்கென்று ஒரு வரிசை செய்தால், ழகரத்துக்கு ‘பழம்’ போல, எழுத்தை நடுவில் வைத்திருக்கும் சொல்லைத்தான் எடுக்க முடியும். முதலெழுத்துச் சொல் என்று பெயர் வைத்துவிட்டால் அந்த வரிசைக்கு அந்தப் பெயரே பொருந்தாது. எழுத்து முதலில் நிற்பது ஆங்கிலத்துக்கு வாய்த்த வசதி. எழுத்தைச் சிதையாமல் மறுமுனைக்குக் கொண்டுபோவதுதான் இந்தச் சொற்களின் வேலை.

ஆகவே என் பரிந்துரை: எழுத்தேந்தி. எழுத்தை ஏந்திச் செல்லும் சொல். மொத்த வரிசைக்கு ‘ஏந்தி வரிசை’. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “டி-யின் எழுத்தேந்தி டெல்டா.” “பெயர் புரியவில்லை, ஏந்திகளில் சொல்லுங்கள்.” எனக்கு நாக்கில் தடையில்லாமல் வருகிறது. ‘எழுத்துணர்த்தி’ என்றும் யோசித்தேன், அது படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருளான எழுத்துணரியோடு குழம்பும். வானொலியில் செய்தியைச் சுமக்கும் அலைக்கு ‘ஊர்தி அலை’ என்ற பெயர் இருப்பதால் ‘ஏந்தி’யோடு மோதல் இல்லை.

அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம், ஏனென்றால் இந்தத் துறையில் ஒட்டிக்கொண்ட சொல் லேசில் போகாது. மோர்ஸ் தந்தியில் ‘பெற்றேன்’ (received) என்பதற்கு ‘ஆர்’ அனுப்பினார்கள். பேச்சு வானொலி வந்ததும் அன்றைய எழுத்தேந்தியான ‘ரோஜர்’ அந்த இடத்தில் உட்கார்ந்தது. 1956க்குப் பின் ‘ஆர்’ என்றால் ‘ரோமியோ’, ஆனாலும் செய்தி கிடைத்ததற்கு இன்றும் ‘ரோஜர்’தான்.

ஒன்று செய்யலாம். மோசமான இணைப்பில், இந்தப் பேச்சை அறியாத ஒருவரிடம் ‘எழுத்தேந்தி’ என்று ஒரு முறை மட்டும் சொல்லி, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதியதை அப்படியே இங்கே போடுங்கள். வேறு சொல் வைத்திருப்பவர்களும் அதே சோதனையைச் செய்து பார்த்து எழுதினால் ஒப்பிட வசதியாக இருக்கும்.