ஜாவாவில் மனைவி பெயரில் வயல் வாங்க: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

என் மனைவிக்கு ஊர், இந்தோனேசியாவில் கிளாத்தன் பக்கம் ஒரு நெல் கிராமம். யோக்யகர்த்தாவிலிருந்து மின்சார ரயிலில் கிளாத்தன். அப்புறம் மச்சான் பைக்தான் கதி. அறுவடை சமயத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், ஓரமாக ஊர்ந்து போக வேண்டும்.

மாமனார் வயலை ஒட்டிய துண்டு விலைக்கு வருகிறது. விற்பவரிடம் இருப்பது கிராமப் பதிவேட்டின் 'லெட்டர் சி' நகல் மட்டும், ஓரமெல்லாம் கரையான் அரித்தது. என்னைப் போன்ற வெளிநாட்டவருக்கு நிலத்தில் முழு உரிமை கிடையாது என்பது அங்குள்ள 1960 சட்டம். கணவன் மனைவி சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவள் வாங்குவதும் இருவர் சொத்தாகிவிடும்; அதைக் கல்யாணத்துக்கு முன்பு நாங்கள் போடவில்லை. பிறகும் போடலாம் என்று 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லிவிட்டது, சரி.

அப்படிப் பிறகு போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நோட்டரி எவ்வளவு கேட்டார்? லெட்டர் சி-யை நில உரிமைச் சான்றிதழாக மாற்ற எத்தனை மாதம் ஆனது? முன்பணம் கேட்டு அவசரப்படுத்துகிறார்கள்.