மறு: க்யூ காய்ச்சல் கையேடு: ‘பின்தொடர் கண்காணிப்பு’ சரிதானா?

குழுவினருக்கு வணக்கம். க்யூ காய்ச்சல், ஆடு மாடுகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிற கிருமி நோய். அதைப் பற்றி நாம் தமிழில் எழுதும் கையேட்டின் வரைவில் இப்படி ஒரு தலைப்பு இருக்கிறது:

> நாட்பட்ட க்யூ காய்ச்சலுக்கான பின்தொடர் கண்காணிப்பு

ஐயா, இது எனக்கு இடிக்கிறது. கே.வி.குப்பம் திங்கட்கிழமைச் சந்தைக்கு ஆடு ஓட்டி வருகிறவரிடம் ‘நாட்பட்ட காய்ச்சல்’ என்றால், பல நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். நடப்பதோ வேறு. டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை இரண்டு வாரம் சாப்பிட்டதும் காய்ச்சல் போய்விடும். ஆளும் பழையபடி ஈனுகிற ஆட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். சிலருக்கு மட்டும், நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாக, கிருமி இதய வால்விலோ ரத்தக்குழாய் வீக்கத்திலோ தங்கிவிடுகிறது. அது மாதங்கள், ஏன், வருடங்கள் கழித்துக்கூடத் தலைகாட்டலாம். அதனால் ‘தங்குதொற்று’ என்று வைக்கலாம்.

‘கண்காணிப்பு’ சுகாதாரத் துறை ஒரு வட்டாரத்துக்கே செய்கிற வேலை. ஒரு நோயாளியைத் தேதி சொல்லி வரவழைப்பதற்கு நம்மிடம் ‘தவணை’ இருக்கிறதே! தடுப்பூசிக்கு இரண்டாம் தவணை என்றுதானே சொல்கிறோம். 2013-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், வால்வுக் கோளாறு போன்ற ஆபத்து உள்ளவருக்கு 3, 6, 12, 18, 24-ஆம் மாதங்களில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறது. அப்படி எதுவும் இல்லாதவருக்கு 6-ஆம் மாதம் ஒருமுறை. ஆக, ‘தங்குதொற்றுத் தவணைச் சோதனை’. தவணை என்றதும் குழுக் கடன் ஞாபகம் வருமே என்று நம் குழுவில் உள்ள அக்கா கேட்கலாம். வரட்டும், கடன் தேதியை எங்கள் பக்கம் யாரும் மறப்பதில்லை.

இதைவிடப் பெரிய வம்பு ‘முதற்கட்ட எதிர்ப்பொருள்’, ‘இரண்டாங்கட்ட எதிர்ப்பொருள்’ என்று கையேட்டின் பட்டியலில் போட்டிருப்பது. எதிர்ப்பொருள் என்பது கிருமியை எதிர்த்து உடல் ரத்தத்தில் உண்டாக்குவது. கட்டம் என்றாலே வரிசை. ஆனால் புதிதாகக் காய்ச்சல் கண்டவருக்கு முதலில் ஏறுவது இரண்டாவது! தங்குதொற்றில் ஓங்கி நிற்பது முதலாவது. ‘முதற்கட்டம் 1:1024’ (மிக உயர்ந்த அளவு) என்று அறிக்கையில் பார்க்கிறவர், ஆரம்பக் கட்டம்தானே என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவார். உண்மையில் உடனே இதய எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டிய ஆள் அவர். தங்குதொற்று உறுதியானால் டாக்சிசைக்ளினும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் சேர்த்துக் குறைந்தது 18 மாதம் சாப்பிட வேண்டியிருக்கும்.

இந்தக் கட்டம் நோயுடையதே அல்ல, கிருமியுடையது. க்யூ காய்ச்சல் கிருமியான காக்சியெல்லா பர்னெட்டியின் மேலுறையில் சர்க்கரைச் சங்கிலி முழுதாக இருந்தால் ஒன்று, குட்டையாகிவிட்டால் இரண்டு. கிருமிக்கு இரண்டு முகம். ‘முதல்முக எதிர்ப்பொருள்’, ‘இரண்டாம்முக எதிர்ப்பொருள்’ என்று மாற்றினால் வரிசைக் குழப்பம் பெரும்பாலும் தீரும். முழுக்கத் தீராது; எண் இருக்கிற வரை யாராவது ஒருவர் எண்ணிப் பார்க்கத்தான் செய்வார். ‘முழுமுகம்’, ‘குறைமுகம்’ என்றும் யோசித்தேன், ஆனால் ஆய்வகத் தாளில் எண்தானே இருக்கும், பொருத்திப் பார்க்க முடியாது.

அப்புறம், க்யூ காய்ச்சலுக்கு ‘வினாக் காய்ச்சல்’ என்ற பெயர் வேண்டாம். 1937-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் டெரிக், பிரிஸ்பேன் இறைச்சிக்கூடத் தொழிலாளரிடம் கண்ட நோய்க்குக் காரணம் பிடிபடாமல், ‘query’ (வினா) என்ற சொல்லிலிருந்து எடுத்து வைத்த எழுத்து அது. காரணம் தெரிந்த பிறகும் கேள்விக்குறியை நாம் ஏன் தமிழில் தூக்கிச் சுமக்க வேண்டும்? க்யூ என்றே இருக்கட்டும்.

1:1024 என்பதில் வருகிற அளவுக்கு ‘நீர்ப்பளவு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ரத்த நீரை அத்தனை மடங்கு நீர்த்த பிறகும் வினை தெரிகிறது என்பது பொருள். ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

வேலூரிலிருந்து,
அன்புடன்.