கருணாமிர்த சாகரம்: சுருதி 24-ஆ, 22-ஆ?

மாட்டுங்கா வாசகன்:
மும்பை கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில், தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் தம் சொந்த அச்சகத்திலேயே அச்சிட்டு வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் இசை நூலின் முதல் பதிப்பு கிடைத்தது. தாளின் ஓரங்கள் தொட்டால் உதிர்கின்றன, முதுகுத் தையலும் விட்டுவிட்டது. ஆயினும் சுருதிக் கணக்கு அட்டவணைகளில் ஓர் எண்கூட மங்கவில்லை. சட்ஜம் முதல் மேல் சட்ஜம் வரையுள்ள ஸ்தாயியைச் சமமான 24 சுருதிகளாக, அதாவது நுண்ணிய இடைவெளிகளாகப் பகுத்து, ‘சங்கீத ரத்னாகரம்’ எழுதிய சார்ங்கதேவர் வழிவந்த 22 சுருதிக் கணக்கை மறுத்த அந்தச் சித்த மருத்துவர், 1916-இல் பரோடா மாநாட்டிலும் அதையே எடுத்துரைத்தார். இன்றும் நம் சபாக்களில் 22 என்றே சொல்லி வருவது ஏன்?

செம்பூர் வைணிகை:
முதல் பதிப்பா! பொறாமையாக இருக்கிறது, ஐயா. ஆனால் கணக்கை ஏற்க இயலவில்லை. சார்ங்கதேவரை விடுங்கள், சிலப்பதிகார உரையில் மேற்கோளாக வரும் வெண்பாவே, பழந்தமிழ் இசையின் ஏழு சுரங்களுக்கும் உரிய அலகுகளை, அதாவது சுருதிகளை, குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என்கிறது, கூட்டினால் 22. அடுத்தது செவி. இன்று காலை தம்புராவின் மந்தரத் தந்தியை மீட்டியபோது அதிலிருந்து தானாக எழுந்த அந்தர காந்தாரம் (மூன்றாம் சுரமான காந்தாரத்தின் ஒரு வகை), என் மகளுடைய கீபோர்டின் காந்தாரத்தைவிடத் தாழ்ந்தே ஒலித்தது. ஸ்தாயியைச் சென்ட் என்னும் சுர அளவில் 1200 எனக் கொண்டால் முன்னது 386, பின்னது 400. பண்டிதரின் எட்டாம் சுருதியும் அதே 400-இல்தான் விழுகிறது.

மாட்டுங்கா வாசகன்:
அந்த வெண்பாவைப் பண்டிதர் மறைக்கவில்லை, அம்மா. சுரங்களை வட்டமாக அடுக்கும் வட்டப்பாலையில் முழு அலகு 24 என்றும், கைக்கிளையிலும் விளரியிலும் ஓரோர் அலகைக் குறைத்துப் பாடியதே 22 ஆயிற்று என்றும் அவர் வாதிடுகிறார். அவ்விரண்டையும் நான்காக்கினால் 24 வருகிறதல்லவா? மேலும், அதிர்வெண்ணில் சட்ஜத்தைவிட ஒன்றரை மடங்கான பஞ்சமத்தைப் பன்னிரண்டு முறை அடுக்கிக்கொண்டே போனால், 128 மடங்கில் வந்து சேர வேண்டிய சட்ஜம் ஏறத்தாழ 129.75-இல் போய் நிற்கிறது. சமமாகப் பகுக்காவிட்டால் வட்டம் மூடாது, ஆதார சுரத்தை மாற்றி வேறு பண் பெறும் பண்ணுப்பெயர்த்தலும் நடவாது.

தானே ரசிகன்:
வீணையில் விரல் வைத்து வாசிக்கும் 24 மெட்டுகள் இருப்பதே சான்று என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அவை இரண்டு ஸ்தாயிக்கு உரியவை.

செம்பூர் வைணிகை:
நல்ல வேளை, சொன்னீர்கள். வட்டம் மூட வேண்டும் என்ற கட்டாயம் கணக்குக்கு உண்டு. சட்ஜத்தை மாற்றாமல் கச்சேரி முழுவதும் பாடுபவருக்கு இல்லை. தோடி ராகத்தின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருப்பது. அதை 24-இல் எந்தக் கட்டத்தில் நிறுத்துவீர்கள்? 22-இலும் நிறுத்த முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மாட்டுங்கா வாசகன்:
அதற்காகத்தான் அவர் 24-ஐத் தாண்டி, திரிகோணப்பாலை என்ற பகுப்புக்கு 48, சதுரப்பாலை என்ற பகுப்புக்கு 96 என்று நுட்பமாகப் பகுத்துக்கொண்டே போனார்.

செம்பூர் வைணிகை:
அப்படியானால் 24 எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. அந்த இரண்டு அலகுகளை எந்தச் சூத்திரத்தை வைத்துக் குறைத்ததாகப் பண்டிதர் சொல்கிறார் என்பதை மூலத்தில் படித்துவிட்டு எழுதுகிறேன். வட்டப்பாலைப் பக்கங்களை மட்டும் படமெடுத்து அனுப்புங்கள். புத்தகத்தை முழுதாக விரிக்க வேண்டாம். உதிரும் ஓரங்களில் செலோடேப் ஒட்டிவிடவும் வேண்டாம்.