‘ஈகோ அன்னதானம்’: பதாகையில் எந்தச் சொல் வர வேண்டும்?

குட்டி அண்ணன்: அம்மன் திருவிழாப் பதாகையின் மாதிரியை அனுப்பியிருக்கிறேன். “ஈகோ அன்னதானம்: பாலிஸ்டைரின் பெட்டிகள் இல்லை” என்று போட்டிருக்கிறேன். நாளை காலை பத்து மணிக்குள் அச்சகத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஈப்போ சித்தி: அம்மன் படம் இன்னும் சற்றுப் பெரிதாக இருக்கட்டும்.

பெரியப்பா: படம் இருக்கட்டும், முதலில் சொல்லைப் பாருங்கள். ‘ஈகோ’ என்று தமிழில் எழுதினால் நம் ஊரில் எல்லோரும் ஆணவம் என்றுதான் படிப்பார்கள். ஆங்கிலத்தில் சூழலைக் குறிக்கும் eco, ஆணவத்தைக் குறிக்கும் ego என்று வேறு வேறு எழுத்தும் ஒலியும் உடைய இரண்டு சொற்கள் நம் ஒரே ககரத்தில் ஒன்றாகிவிடுகின்றன. ‘எக்கோ’ என்று மாற்றினாலோ அது எதிரொலியாகிவிடும்.

சின்ன அத்தை: கோயில் வாசலில் அந்தச் சொல் வேண்டவே வேண்டாம். போன ஆண்டு யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று நடந்ததே போதும்.

கிள்ளான் மாமா: அதை நான் அன்றே விட்டுவிட்டேன், அக்கா. சூழல் மண்டலத்தை மலாயில் ‘எக்கோசிஸ்தெம்’ என்று பள்ளிப் பிள்ளைகளே படிக்கிறார்கள். நாம் எழுதினால் மட்டும் என்ன தவறு?

பெரியப்பா: தவறில்லை, மாப்பிள்ளை. ஆனால் அதன் பொருள் தெரிந்து எழுத வேண்டும். 1866இல் எர்ன்ஸ்ட் ஹேக்கல் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர், கிரேக்கத்தில் வீட்டைக் குறிக்கும் ‘ஒய்கோஸ்’ என்ற சொல்லை எடுத்து, உயிர்கள் தம்மைச் சுற்றியுள்ளவற்றோடு கொள்ளும் உறவை ஆராயும் சூழலியல் (ஆங்கிலத்தில் ‘எக்காலஜி’) துறைக்குப் பெயர் சூட்டினார். பொருளாதாரத்தைக் குறிக்கும் ‘எகானமி’க்கும் அதுவே வேர். பின்னர் ‘எக்கோ’ என்ற முன்னொட்டை மட்டும் தனியே கழற்றி, விற்க வேண்டிய எல்லாவற்றின் முன்னாலும் ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய நம் லயன் வீடுகளை இடித்த இடத்தில் எழும்பிய குடியிருப்பின் வாசலிலும் அதே முன்னொட்டுதான் நிற்கிறது. அம்மா நட்ட முருங்கையைக்கூட விட்டுவைக்காத இடத்துக்கு, வீடு என்ற பொருளிலிருந்து பிறந்த சொல்லை வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஈப்போ சித்தி: குழாயடிக்குப் பக்கத்தில் இருந்த முருங்கை. அம்மா அதில்தான் கொடிக்கயிறு கட்டியிருந்தார்.

மலர் அக்கா: ‘சூழல்’ என்று எழுதலாமா, பெரியப்பா? சூழ்ச்சி என்ற சொல்லும் அதே வேர்தானே?

பெரியப்பா: தாராளமாக எழுதலாம், அம்மா. சூழ்தல் என்றால் சுற்றியிருத்தல், ஆராய்ந்து எண்ணுதல் என்று இரண்டு பொருளும் உண்டு. 445ஆம் குறளில் அரசனுக்கு அறிவுரை கூறுவோரையே வள்ளுவர் ‘சூழ்வார்’ என்கிறார். சூழ்ச்சிக்குக் கெட்ட பெயர் பிறகு வந்தது. ‘சூழலுக்கு உகந்த அன்னதானம்’ என்றால் பாட்டிமாருக்கும் விளங்கும்.

கிள்ளான் மாமா: நான் வாங்கி வைத்திருக்கும் ஆயிரம் தாள் குவளைகளிலும் ‘எக்கோ’ என்றுதான் அச்சடித்திருக்கிறது.

சின்ன அத்தை: அதில் ஒன்றை நேற்றிரவு தண்ணீரில் ஊற வைத்தேன். காலையில் தாள் முழுவதும் கூழாகிவிட்டது, உள்ளே ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் படலம் மட்டும் கிழியாமல் குவளை வடிவத்திலேயே என் கையில் வந்தது. தம்பியைக் குறை சொல்லவில்லை, பெட்டியின் மேல் பச்சை இலைப் படம் இருந்தால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

பெரியப்பா: பார்த்தீர்களா, இதைத்தான் சொல்கிறேன். நாம் உண்மையில் செய்வதை எழுதினால் முன்னொட்டே தேவைப்படாது. வாழையிலையில் பரிமாறினால் ‘வாழையிலையில் அன்னதானம்’ என்று போடுவோம். தண்ணீருக்கு எவர்சில்வர் குவளை வைப்போம்.

மலர் அக்கா: எவர்சில்வர் குவளைகளைக் கழுவுவது யார்?

கிள்ளான் மாமா: கடையில் திருப்பி எடுப்பார்களா என்று கேட்கிறேன். ‘சூழலுக்கு உகந்த’ என்பதையும் கீழே சிறிய எழுத்தில் போடுங்கள்.

பெரியப்பா: குவளை முடிவான பிறகு அதைப் போடலாம்.

குட்டி அண்ணன்: அப்படியானால் ‘வாழையிலையில் அன்னதானம்’ என்று மாற்றி வைக்கிறேன். இரண்டாவது வரிக்குக் காலை எட்டு மணி வரை காத்திருப்பேன், மாமா.

ஈப்போ சித்தி: இலைக்கு யார் சொல்வது? அம்மன் படம் என்ன ஆயிற்று?