ரீபூட் ஆனதும் என்ஏஎஸ் ஷேர் மவுண்ட் ஆவதில்லை, கையால் மவுண்ட் பண்ணினால் உடனே ஏறுகிறது

பூட்லூப்:

டெபியன் 12 சர்வர், நெட்வொர்க்மேனேஜர், வயர் இணைப்பு, ஸ்டேட்டிக் ஐபி. என்ஏஎஸ்ஸில் (நெட்வொர்க்கில் இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டி) உள்ள ஒரு சிஐஎஃப்எஸ் ஷேர் (விண்டோஸ் பாணி நெட்வொர்க் ஃபோல்டர்) /எம்என்டி/மீடியா-வில் ஏற வேண்டும். எஃப்எஸ்டேப் (எதை எங்கே மவுண்ட் பண்ணணும்னு சொல்ற ஃபைல்) வரியில் கிரெடென்ஷியல் ஃபைல், யூஐடி, _நெட்டெவ், நோஃபெயில் எல்லாம் இருக்கு.

ரீபூட் பண்ணினா பெரும்பாலும் ஃபோல்டர் காலியா கிடக்கு. லாகின் ஆகி 'மவுண்ட் -ஏ' தட்டினா ஒரே நொடியில் ஏறிடுது, அதனால பாஸ்வேர்டில் தப்பு இல்லை. லாக்கில் வருவது மவுண்ட் எர்ரர் 101. சில தடவை என்ஏஎஸ் பெயரை ரிசால்வ் பண்ண முடியலைன்னு வருது. இந்த ஃபோல்டரை நம்பி ஒரு டாக்கர் கன்டெய்னர் (தனிப் பெட்டிக்குள் ஓடுற ப்ரோகிராம்) ஓடுது, அது காலி லைப்ரரியோட கிளம்பிடுது.

பூட் சீக்கிரம் முடியணும்னு நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன் சர்வீஸை டிசேபிள் பண்ணி வச்சிருக்கேன். அதுக்கும் இதுக்கும் தொடர்பு உண்டா? ஆர்சி.லோக்கலில் (பூட்டில் ஓடுற ஸ்கிரிப்ட்) ஸ்லீப் 30 போட்டு மவுண்ட் பண்ணலாமா?

யூனிட்ஃபைல்:

தொடர்பு உண்டு, அதுதான் காரணமே.

எஃப்எஸ்டேப்பில் ஃபைல்சிஸ்டம் வகை சிஐஎஃப்எஸ் என்று இருந்தாலே சிஸ்டம்டி (பூட்டில் சர்வீஸ்களை வரிசையாகக் கிளப்பும் ப்ரோகிராம்) அதை நெட்வொர்க் மவுண்ட் என்று புரிந்துகொள்ளும்; _நெட்டெவ் உங்களுக்கு உபரி. அந்த மவுண்ட் யூனிட்டை (யூனிட் என்பது சிஸ்டம்டி கையாளும் ஒரு வேலை) நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்டுக்குப் பிறகு வரும்படி அதுவே வரிசைப்படுத்தியும் விடும். ஆக, வரிசையில் கோளாறு இல்லை. ஆனால் டார்கெட் என்பது வெறும் மைல்கல், தானாக எதற்கும் காத்திருக்காது. 'ஐபி வந்துவிட்டதா' என்று பார்த்து அதை நிறுத்தி வைப்பது வெயிட்-ஆன்லைன் சர்வீஸ்தான். அதை எடுத்துவிட்டால் நெட்வொர்க்மேனேஜர் ப்ராசஸ் கிளம்பிய கையோடு டார்கெட்டும் 'எட்டியாயிற்று' என்று ஆகிவிடும், கார்டுக்கு இன்னும் முகவரியே இருக்காது. 101 சொல்வதும் இதைத்தான்: அந்த நெட்வொர்க்குக்குப் போக ரூட்டே (வழியே) இல்லை. பெயர் ரிசால்வ் ஆகாததும் இதே கதை.

சர்வீஸை எனேபிள் செய்யுங்கள். யாராவது மாஸ்க் செய்திருந்தால் (கிளம்பவே முடியாதபடி பூட்டியிருந்தால்) முதலில் அன்மாஸ்க். ரீபூட்டுக்குப் பிறகு 'சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிகல்-செயின்' கட்டளைக்கு எம்என்டி-மீடியா.மவுண்ட் என்ற பெயரைக் கொடுத்துப் பாருங்கள். சங்கிலியில் நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்டும் அதற்கு அடியில் வெயிட்-ஆன்லைனும், அது எடுத்துக்கொண்ட நொடிகளும் தெரிய வேண்டும். அதன் வழக்கமான உச்சவரம்பு 60 நொடி; வயர் இணைப்பில் அவ்வளவு ஆகாது.

ஸ்லீப் 30 வேண்டாம். டாக்கர் ஆர்சி.லோக்கலுக்காகக் காத்திருக்காது. மவுண்ட் முப்பதாவது நொடியில் ஏறும், கன்டெய்னரோ அதற்கு முன்பே காலி ஃபோல்டரைப் பிடித்திருக்கும்.

டாக்கருக்குத் தனியாக ஒன்று செய்ய வேண்டும். நோஃபெயில் போட்டதும் இரண்டு விஷயம் நடக்கிறது. மவுண்ட் தோற்றாலும் பூட் தொடரும், இது எல்லோருக்கும் தெரியும். அந்த மவுண்ட், ரிமோட்-எஃப்எஸ்.டார்கெட்டுக்கு (நெட்வொர்க் மவுண்ட்களுக்கான மைல்கல்) முன்னால் முடிய வேண்டும் என்ற வரிசையும் கழன்றுவிடும், இதைப் பலர் கவனிப்பதில்லை. அதனால் 'டாக்கரை ரிமோட்-எஃப்எஸ்ஸுக்குப் பிறகு போட்டேனே' என்பது உங்களுக்கு உதவாது. டாக்கர்.சர்வீஸை 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' வழியாகத் திறந்து யூனிட் பிரிவில் இந்த ஒரு வரியைச் சேருங்கள்:

ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=/எம்என்டி/மீடியா

இதன் விலையும் தெரிந்திருக்கட்டும்: மவுண்ட் ஏறாவிட்டால் டாக்கரே கிளம்பாது, எல்லாக் கன்டெய்னரும் படுக்கும். ஒன்றே ஒன்றுக்குத்தான் ஷேர் தேவை என்றால், அதன் ரீஸ்டார்ட் பாலிசியை 'நோ' ஆக்கி, அதற்கென்று தனி சர்வீஸ் யூனிட் எழுதி அங்கே இந்த வரியைப் போடுங்கள். பாலிசி 'ஆல்வேஸ்' என்றே இருந்தால் டாக்கர் டீமன் எழுந்த உடனே அதையும் எழுப்பிவிடும், உங்கள் யூனிட்டைக் கேட்காது.

சுண்டெலி_ரூட்:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனா இத்தனை நாள் காலி ஃபோல்டரில் கன்டெய்னர் எழுதினது எங்க போச்சுன்னு யாரும் கேக்கலையே! அதெல்லாம் உங்க ரூட் டிஸ்க்கில் (சிஸ்டம் இருக்கிற டிஸ்க்), மவுண்ட் பாயின்ட்டுக்கு அடியில புதைஞ்சு கிடக்கும். மேல ஷேர் ஏறினதும் கண்ணுக்குத் தெரியாது, இடத்தை மட்டும் தின்னும். டியூ (ஃபைல்களைக் கூட்டிப் பார்க்கிற கட்டளை) ஒரு கணக்கு சொல்லும், டிஎஃப் (டிஸ்க்கில் நிரம்பின இடத்தைக் காட்டுறது) வேற கணக்கு சொல்லும்.

ரூட் ஃபைல்சிஸ்டத்தை வேற ஒரு ஃபோல்டரில் பைண்ட் மவுண்ட் (இருக்கிற ஃபோல்டரையே இன்னொரு இடத்திலும் காட்டுறது) பண்ணி, அதுக்குள்ள எம்என்டி/மீடியா-வைத் திறந்து பாருங்க. இருக்கிறதை எடுத்து ஷேருக்கு மாத்துங்க. அப்புறம் ஷேரை இறக்கிட்டு, காலியான அந்த ஃபோல்டருக்கு 'சிஹெச்ஆட்ர் +ஐ' கொடுங்க. ரூட் யூசரே (அட்மின்) வந்தாலும் அதுல எழுத முடியாது, ஆனா மேல மவுண்ட் தாராளமா ஏறும். அடுத்த தடவை மவுண்ட் தவறினா கன்டெய்னர் சத்தமா எர்ரர் போடும், சத்தமில்லாம தப்பான இடத்துல எழுதாது.

இன்னொண்ணு: கன்டெய்னர் கிளம்பின பிறகு ஹோஸ்ட்டில் 'மவுண்ட் -ஏ' தட்டினாலும் உள்ளே பழைய காலி ஃபோல்டர்தான் தெரியும். டாக்கரோட பைண்ட் வழக்கமா பிரைவேட், அதாவது ஹோஸ்ட்டில் பின்னால ஏறுற மவுண்ட் உள்ளே போகாது. கன்டெய்னரை ரீஸ்டார்ட் பண்ணணும்.

பூட்லூப்:

வெயிட்-ஆன்லைன் எனேபிள், டாக்கரில் அந்த வரி, ரெண்டும் போட்டாச்சு. 101 போயிடுச்சு. அடியில புதைஞ்சிருந்ததையும் எடுத்தாச்சு. ஆனா இப்ப சில ரீபூட்டில் எர்ரர் 113 வருது, டாக்கரும் கிளம்ப மாட்டேங்குது. கிரிட்டிகல்-செயினில் வரிசை சரியாத்தான் தெரியுது. எஸ்டிபி (நெட்வொர்க்கில் லூப் விழாம தடுக்கிற வசதி) ஆன் பண்ணின மேனேஜ்டு ஸ்விட்ச், அது ஒரு காரணமா இருக்குமா?

யூனிட்ஃபைல்:

இருக்கும். எண் மாறியது நல்ல அறிகுறி. 101 என்றால் ரூட் இல்லை. 113 என்றால் ரூட் இருக்கிறது, பாக்கெட் கிளம்பியது, எதிராளி கிடைக்கவில்லை. 111 வந்தால் மெஷின் எழுந்துவிட்டது, சாம்பா (என்ஏஎஸ்ஸில் ஷேரைத் தரும் ப்ரோகிராம்) இன்னும் போர்ட்டைத் திறக்கவில்லை என்று பொருள். 13 வந்தால் மட்டும் கிரெடென்ஷியல் பக்கம் போங்கள்.

பழைய எஸ்டிபியில் ஒரு போர்ட்டில் லிங்க் எழுந்ததும் ஸ்விட்ச் 15 நொடி கேட்கும், இன்னும் 15 நொடி கற்கும், அதன் பிறகுதான் டிராஃபிக்கை விடும். அந்த 30 நொடியும் விளக்கு எரியும், ஆனால் ஒரு பாக்கெட்டும் தாண்டாது. டிஹெச்சிபி (ஐபியை நெட்வொர்க்கிலிருந்து தானாக வாங்குவது) என்றால் ஐபி கிடைக்கும்வரை வெயிட்-ஆன்லைன் தானாகவே நின்றிருக்கும். உங்களுடையது ஸ்டேட்டிக், லிங்க் வந்ததும் ஐபியை ஒட்டிவிட்டு 'ஆன்லைன்' என்கிறது. கர்னல் ஏஆர்பியில் ('இந்த ஐபி யாருடையது' என்று நெட்வொர்க்கில் கேட்பது) மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராமல் 113 போடுகிறது. என்எஃப்எஸ் (இன்னொரு வகை நெட்வொர்க் ஷேர்) ஆக இருந்திருந்தால் இது உங்கள் கண்ணிலேயே பட்டிருக்காது: 113-ஐத் தற்காலிகப் பிழை என்று எடுத்துக்கொண்டு, இயல்பாகவே 2 நிமிடம் விடாமல் முயலும். சிஐஎஃப்எஸ் முதல் அடியிலேயே கைவிட்டுவிடும்.

ஸ்விட்ச்சில் சர்வர் செருகியிருக்கும் போர்ட்டை எட்ஜ் போர்ட் (அந்த 30 நொடி காத்திருக்காமல் டிராஃபிக்கை விடுவது) ஆக்குங்கள். சில ஸ்விட்ச்களில் இதன் பெயர் போர்ட்ஃபாஸ்ட். இன்னொரு ஸ்விட்ச்சுக்குப் போகும் போர்ட்டில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், லூப் விழும்.

ஸ்விட்ச் உங்கள் கையில் இல்லை, அல்லது மின்சாரம் போய் வந்தால் என்ஏஎஸ் சர்வரை விடத் தாமதமாக எழும் என்றால், ஒரு ஒன்ஷாட் சர்வீஸ் (ஒரு தடவை ஓடி முடிவது) எழுதலாம். 'என்சி -இசட்' கொண்டு என்ஏஎஸ்ஸின் 445 போர்ட்டை (சாம்பா திறக்கும் போர்ட்) 2 நொடிக்கு ஒருமுறை தட்டிப் பார்த்து, திறந்ததும் வெற்றியோடு முடிகிற சின்ன லூப். ஒன்ஷாட்டுக்கு இயல்பில் கால வரம்பு கிடையாது, அதனால் டைம்அவுட்ஸ்டார்ட்செக்=180 என்று நீங்களே போட வேண்டும். அந்த யூனிட்டும் நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்டை வான்ட்ஸ் (இழுத்து வா), ஆஃப்டர் (அதற்குப் பிறகு கிளம்பு) இரண்டிலும் குறிப்பிட வேண்டும். ஆஃப்டர் மட்டும் போட்டால் அந்த டார்கெட்டை அது இழுத்து வராது. பிறகு எஃப்எஸ்டேப் வரியில் எக்ஸ்-சிஸ்டம்டி.ரிக்வயர்ஸ்= என்று போட்டு உங்கள் சர்வீஸ் பெயரைக் கொடுங்கள். இது வரிசையையும் சேர்த்தே அமைக்கும். டீமன்-ரீலோட் (சிஸ்டம்டியை ஃபைல்களை மறுபடி படிக்க வைப்பது) மறக்க வேண்டாம். பிங் வைத்துச் சோதிக்காதீர்கள்: பிங்குக்குப் பதில் சொல்வது கர்னல், சாம்பா எழுவதற்கு வெகு முன்பே அது பதில் சொல்லும்.

சுண்டெலி_ரூட்:

டெஸ்க்டாப், லேப்டாப்புன்னா இவ்வளவு மெனக்கெட வேண்டாம். எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் போட்டா ஃபோல்டரை முதல்ல தொடும்போதுதான் மவுண்ட் ஆகும், பூட்டில் யாருக்கும் காத்திருக்காது. ஆனா டாக்கர் பைண்டுக்கு அதை ஐடில்-டைம்அவுட்டோட சேர்த்துடாதீங்க. சும்மா இருந்த நேரத்தில் ஷேர் இறங்கிட்டா, கன்டெய்னருக்குள்ள 'சிம்பாலிக் லிங்க் அளவுக்கு மீறிப் போச்சு'ன்னு சம்பந்தமே இல்லாத எர்ரர் வரும், சிம்லிங்க்கைத் தேடியே ஒரு நாள் போயிடும்.

பூட்லூப்:

போர்ட்டை எட்ஜ் ஆக்கினதும் 113 நின்னுடுச்சு, பத்து ரீபூட் பார்த்தாச்சு. என்ஏஎஸ் எழ நேரம் எடுக்கும், அதனால 445 தட்டுற சர்வீஸையும் போட்டுட்டேன். பெயருக்குப் பதிலா எஃப்எஸ்டேப்பில் ஐபியே கொடுத்திருக்கேன்.